நடுரோட்டில் நின்ற கர்னல்

குதிரை நின்றபோது மணி ஒன்பது பத்து. இது நாகரத்தினத்துக்குத் துல்லியமாகத் தெரியும். விடிந்ததிலிருந்து அவள் நிமிஷத்துக்கு ஒரு தடவை கைக்கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரே மகள் திவ்யபாரதியின் கல்யாணம். முகூர்த்தம் ஒன்பதேகாலிலிருந்து பத்தேகால் வரை. வெள்ளிக்கிழமை வேறு, பத்தரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். பிள்ளையார் கோயிலிலிருந்து மண்டபத்துக்கு இரண்டே தெரு. நடந்தால் எட்டு நிமிஷம். முதல் தெரு முடிகிற இடத்தில், வேப்பமரத்தடியில் இருக்கும் பழைய தண்ணீர்த் தொட்டியை ஒட்டி, மாப்பிள்ளையைச் சுமந்து வந்த குதிரை நின்றுவிட்டது. சும்மா நிற்கவில்லை. வீடு வாசல் வந்து சேர்ந்துவிட்டது போல நான்கு காலையும் ஊன்றிக்கொண்டு, கண்ணைப் பாதி மூடிக்கொண்டு நின்றது.

இந்தக் குதிரையை ஏற்பாடு செய்ததே நாகரத்தினம்தான். அவள் முதலில் பேசி வைத்தது சாரட்டு வண்டி. காலையில் குதிரைக்காரர் வையாபுரி வண்டியில்லாமல் வெறும் குதிரையோடு வந்து நின்றார்.

"சாரட்டு அச்சு ஒடிஞ்சுபோச்சுங்க அக்கா. ஒண்ணும் கவலைப்படாதீங்க. சாரட்டுல பொம்மையாட்டம் உக்காந்து வர்றதெல்லாம் பழசு. மாப்பிள்ளையைக் குதிரை மேல ஏத்தி விடறேன், ஊரே வாயைப் பொளந்து பார்க்கும். இது சாதாரணக் குதிரை இல்லீங்க, பட்டாளத்துக் குதிரை. பேரு கர்னல். நானும் இதும் ஒரே குதிரைப்படையில இருந்து ஒரே நாள்ல ரிட்டயர் ஆனோம்."

வையாபுரி ஒல்லியான ஆள். முகத்தைவிட மீசை பெரிது. காக்கிக் கோட்டில் மூன்று மெடல் தொங்கின. நாகரத்தினம் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள்தான், ஆனால் எழுத்துக் கூட்டிப் படிப்பாள். ஒரு மெடலில் "சாக்கு ஓட்டம், இரண்டாம் பரிசு" என்று இருந்ததை அப்போதே பார்த்தாள். பார்த்தும் பேசாமல் இருந்துவிட்டாள். கல்யாணத்தன்று காலை ஆறு மணிக்கு வேறு குதிரைக்கு எங்கே போவது?

இப்போது பேண்டு செட்டுக்காரர்கள் ஒரு பாட்டை முடித்து இன்னொன்றை ஆரம்பித்தார்கள். குதிரை காதைக்கூட அசைக்கவில்லை. வையாபுரி சாட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கடிவாளத்தைப் பிடித்து இழுத்தார். மாப்பிள்ளைத் தோழர்கள் பின்னாலிருந்து தள்ளினார்கள். தேங்காய், வெல்லம், வாழைப்பழம் எல்லாம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் தின்றது. நகரவில்லை.

"அம்மா, நான் இறங்கி நடந்து வந்துடட்டுமா?" என்று மேலிருந்து பரிதாபமாகக் கேட்டான் மாப்பிள்ளை ஜீவானந்தம். பட்டு வேட்டி வழுக்க, அவன் சேணத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தான்.

"வாயை மூடுடா!" என்றாள் அவன் அம்மா வசந்தாமணி. "நம்ம வீட்டு வழக்கம் என்ன? மாலை போட்டு ஏறின மாப்பிள்ளை மண்டப வாசல்லதான் கால் வைக்கணும். உங்க சித்தப்பன் பாதியில இறங்கித்தான் அவன் குடும்பம் இன்னிக்கு வரைக்கும் அப்படி இருக்குது."

சித்தப்பா கூட்டத்தில்தான் இருந்தார். அவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டார்.

"ஏப்பா, பட்டாளத்துக் குதிரைன்னு சொன்னே. ரெண்டு தெரு நடக்க மாட்டேங்குது?" என்று முன்னால் வந்தார் மாப்பிள்ளையின் பெரியப்பா ராமபத்திரன். அவர் நிஜமாகவே இருபத்தெட்டு வருஷம் பட்டாளத்தில் இருந்து சுபேதாராக ஓய்வு பெற்றவர்.

வையாபுரி கடிவாளத்தை விட்டார். மீசையைத் தடவினார். "சார், பட்டாளத்துக் குதிரைங்கறதாலதான் நிக்குது. ரோட்டுக்குக் கீழ ஏதோ இருக்குதுங்க. மிதிவெடி வாசம் பட்டா கர்னல் ஒரு அடி வைக்காது."

"பழனியில தார் ரோட்டுக்கு அடியில மிதிவெடியா?"

"இல்லைன்னு நீங்களும் நானும் சொல்லலாம். கர்னல் சொல்லணுமே. எல்லையில பாலைவனத்துல ஒரு நாள் இப்படித்தான் முன்னங்காலைத் தூக்கினது தூக்கினபடி நின்னுச்சு. பின்னாடி நூறு டாங்கு வரிசையா வந்துட்டிருக்குது. பெரிய அதிகாரி கத்தறாரு, 'குதிரையை ஓரம் கட்டு, இது நவீன யுத்தம்!' நான் சொன்னேன், 'அய்யா, நவீனமோ பழசோ, மண்ணைத் தோண்டிப் பாருங்க'ன்னு. தோண்டினா நாப்பத்திரண்டு மிதிவெடி! மாவடு மாதிரி அடுக்கி வச்சிருக்கான்."

"எந்த வருஷம்?" என்றார் சுபேதார்.

"வருஷம் சொல்லக் கூடாதுங்க. ராணுவ ரகசியம்."

கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். நாகரத்தினத்துக்குச் சிரிப்பு வரவில்லை. மணி ஒன்பது இருபத்திரண்டு. மண்டபத்திலிருந்து அவள் கணவர் தண்டபாணி போன் செய்தார். "ஐயர் கேக்கறாரு, மாப்பிள்ளை எங்கேன்னு." "வந்துட்டே இருக்காருங்க" என்று சொல்லி வைத்தாள். பால் பொங்கி வழிந்திருக்குமோ, மணமேடையில் குத்துவிளக்கு அணைந்திருக்குமோ, பெண் அழுதுகொண்டிருக்கிறாளோ என்று ஒன்றின் மேல் ஒன்றாகக் கவலை ஏறியது.

அந்தத் தவிப்பில் அவள் குதிரையைச் சுற்றி வந்தாள். அப்போதுதான் பார்த்தாள். இரண்டு விலாவிலும் ரோமம் தேய்ந்து, ஒரு சாண் நீளத்துக்கு வழவழவென்று தழும்பு. சேணம் உரசிய தழும்பு அங்கே வராது. வண்டிச் சட்டம் உரசினால்தான் வரும். குதிரை ரோட்டின் நடுவில் நிற்பது போலத் தெரிந்தாலும், மெதுவாக இடது ஓரத்துக்கே சாய்ந்துகொண்டிருந்தது. அடிக்கடி கழுத்தைத் திருப்பிப் பின்னால் பார்த்தது, யாரோ ஏறுவதற்குக் காத்திருப்பதுபோல.

இந்தத் தண்ணீர்த் தொட்டியை நாகரத்தினத்துக்குச் சின்ன வயதிலிருந்தே தெரியும். இந்த இடம் ஒரு காலத்தில் ஜட்கா ஸ்டாண்டு, வாடகைக் குதிரைவண்டிகள் நிற்கும் இடம். அவள் அப்பா குப்பாண்டி இங்கேதான் ஜட்காவை நிறுத்துவார். ஸ்டேஷனில் ஏறுகிறவர்களை மலையடிவாரத்துக்குக் கொண்டுபோய் விடுவார். அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு போவார். "அய்யா, கொஞ்சம் முன்னாடி தள்ளி உக்காருங்க, பின்பாரமா இருக்குது" என்று அவர் சொல்கிற குரல் இன்னும் காதில் இருக்கிறது. ஏற்றம் வந்தால் ஆட்களை இறங்கி நடக்கச் சொல்வார்.

இது பட்டாளத்துக் குதிரை இல்லை. ஜட்காக் குதிரை. எந்த ஊரில் ஓடியதோ, தண்ணீர்த் தொட்டியைக் கண்டதும் ஸ்டாண்டு வந்துவிட்டதென்று நின்றுவிட்டது. கிளம்பச் சொல்லும் சத்தம் வந்தால்தான் கிளம்பும். அந்தச் சத்தம் இன்னதென்று அவளுக்குத் தெரியும்.

தெரிந்தும் அவள் வாயைத் திறக்கவில்லை. காரணம் இருந்தது. சம்பந்தம் பேசும்போது வசந்தாமணி, "உங்க அப்பா என்ன பண்ணினாரு?" என்று கேட்டாள். நாகரத்தினம் யோசிக்காமல், "ரயில்வேயில இருந்தாரு" என்று சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வசந்தாமணி உறவுக்காரர்களிடமெல்லாம், "பொண்ணோட தாத்தா ரயில்வே அதிகாரி" என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். முகூர்த்த நேரத்தில் அந்த அதிகாரியை ஜட்காவில் ஏற்றினால் என்ன ஆகும்?

"ஏப்பா, இதை யாருகிட்ட வாங்கினே?" என்று மெதுவாக வையாபுரியிடம் கேட்டாள்.

"போன ஆடியில அந்தியூர் சந்தையில..." என்று ஆரம்பித்த வையாபுரி நாக்கைக் கடித்தார். "அந்தியூர் சந்தையில இருந்துதான் பட்டாளத்துக்கே குதிரை எடுப்பாங்கன்னு சொல்ல வந்தேங்க அக்கா."

சுபேதார் குனிந்து குதிரையின் வயிற்றுக்கடியில் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். "ஏப்பா, கர்னல்ங்கறே. இது பொட்டைக் குதிரையால்ல இருக்குது!"

"பட்டாளத்துல இப்பப் பொம்பளைங்களும் கர்னல் ஆகறாங்களே, உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் வையாபுரி. பெண்கள் பக்கத்தில் ஒரே கைதட்டல். வசந்தாமணியும் தட்டினாள்.

"சரி, அதை விடு. இந்தக் காலத்துச் சண்டையில குதிரைக்கு என்னய்யா வேலை? டாங்கு இருக்குது, ரேடார் இருக்குது. மலையில மூட்டை சுமக்கும், குடியரசு தினத்துல அணிவகுத்துப் போகும். அவ்வளவுதான்" என்றார் சுபேதார்.

"இப்படித்தாங்க எதிராளியும் நினைச்சான். நினைச்சுக் கெட்டான்." வையாபுரி தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் ஏறி உட்கார்ந்துகொண்டார். "டாங்கு டீசல் தீந்தா நிக்கும். கர்னல் கொள்ளு தீந்தாலும் ஓடும். ஒரு தடவை நூறு டாங்கும் மணல்ல புதைஞ்சுபோச்சு. வடக்கயிறு போட்டுக் கட்டி, கர்னல் ஒத்தையா இழுத்துச்சு. தேர் இழுக்கற மாதிரி. அதும் ரேடாருக்குத் தெரியாம."

"எப்படித் தெரியாம?"

"எதிராளி ரேடார்ல பார்த்தான். நாலு காலு, ஒரு வாலு. மாடுன்னு நினைச்சுட்டான். பின்னாடி வந்த டாங்கையெல்லாம் கன்னுக்குட்டின்னு நினைச்சுட்டான். பாவம், பால் குடிக்கப் போகுதுன்னு வழி விட்டுட்டான்."

"நூறு கன்னுக்குட்டியா!" என்றான் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன்.

"அவன் ஊர்ல மாடு அப்படி ஈனுமாட்டம் இருக்குது. நமக்கென்ன தெரியும்?"

மணி ஒன்பது முப்பத்தைந்து. தண்டபாணி மறுபடி போன் செய்தார். "ஏய், பொண்ணு மேடைக்கு வந்தாச்சு. ஐயர் மாப்பிள்ளை இல்லாமயே பாதி மந்திரம் சொல்லிட்டாரு." நாகரத்தினம், "இதோ தெரு திரும்பிட்டோம்" என்றாள். அவள் வாயிலும் இப்போது புளுகு சரளமாக வர ஆரம்பித்திருந்தது. அது அவளுக்கே பயமாக இருந்தது.

"ட்ரோன் வந்தா என்ன பண்ணுவே?" என்றார் சுபேதார். அவர் விடுவதாக இல்லை. "ஆகாசத்துல இருந்து குறி வச்சு அடிக்கும். குதிரையும் ஆளும் சட்னி."

"வந்துச்சுங்களே! மழை விட்டதும் ஈசல் வர்ற மாதிரி வந்துச்சு. டாங்குக்குள்ள இருந்தவங்க மூடியைப் போட்டுக்கிட்டாங்க. கர்னல் என்ன பண்ணுச்சு? ஈ விரட்டற மாதிரி வாலை ஒரு வீசு. பொலபொலன்னு அம்பது ட்ரோன் கீழ விழுந்துச்சு. இந்தப் பக்கம் ஒரு வீசு. இன்னொரு அம்பது. ஒரே ஒரு ட்ரோன் மட்டும் அடி பட்டுத் திரும்பிப் போயி, எதிராளி ஜெனரல் குடிச்சிட்டிருந்த டீயில விழுந்துச்சு. அன்னியிலிருந்து அந்த ஆளு காப்பிக்கு மாறிட்டாரு."

அந்த நேரம் குதிரை நிஜமாகவே வாலை வீசியது. மாப்பிள்ளையின் மாலையில் இருந்த சம்பங்கி இரண்டு உதிர்ந்தன. "பார்த்தீங்களா!" என்றார் வையாபுரி.

"எனக்குத் தலை சுத்துது" என்றான் ஜீவானந்தம் மேலிருந்து. ஒருத்தி குடையை உயர்த்திப் பிடித்தாள். இன்னொருத்தி இளநீரை நீட்டினாள். குதிரை கழுத்தை நீட்டி அதை வாங்கிக் குடித்துவிட்டது.

"அப்புறம் ராக்கெட்டு விட்டான் பாருங்க" என்று வையாபுரி குரலைத் தாழ்த்தினார். கூட்டம் நெருங்கி நின்றது. வேலைக்குப் போகிறவர்கள்கூட ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு நின்றார்கள். "சூடு எங்கே இருக்குதோ அங்கே தேடி வர்ற ராக்கெட்டு. நான் கர்னல் மேல ஏறித் தட்டிவிட்டேன். ராக்கெட்டு எங்களைத் துரத்துது. மணல் மேட்டைச் சுத்தி ஒரு சுத்து, ரெண்டு சுத்து. முப்பதாவது சுத்துல திரும்பிப் பார்க்கறேன், ராக்கெட்டுக்கு மூச்சு வாங்குது."

"ராக்கெட்டுக்கு மூச்சு வாங்குமாய்யா!"

"வயசான ராக்கெட்டுங்க. பாவமாப் போச்சு. கர்னலை மெதுவாக்கி, அது பக்கத்துல வர்ற வரைக்கும் காத்திருந்து, சுருக்குக் கயிறு போட்டுப் பிடிச்சேன். தடவிக் கொடுத்ததும் அடங்கிருச்சு. இப்ப எங்க வீட்டுல தண்ணித் தொட்டிக்குத் தூணா நிக்குது. எங்க வீட்டுக்காரி அதுலதான் கொடிக்கயிறு கட்டித் துணி காயப் போடறா."

சுபேதார் இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டார். "இருபத்தெட்டு வருஷம்! இருபத்தெட்டு வருஷத்துல நான் இப்படி ஒரு சண்டையைக் கேள்விப்பட்டதே இல்லை!"

"எப்படிக் கேள்விப்படுவீங்க? நாங்கதான் ஏழே நாள்ல முடிச்சுட்டமே. எப்படி முடிஞ்சதுன்னு கேளுங்க. கர்னலுக்குக் கோபம் வந்து பின்னங்காலை ஒரு உதறு உதறுச்சு. லாடம் கழண்டு மேல போச்சு. மேகத்தைத் தாண்டிப் போச்சு. எதிராளியோட செயற்கைக்கோள் மேல போய் 'டங்'குன்னு அடிச்சுது. அவ்வளவுதான். அவன் ஊர்ல டிவி நின்னுபோச்சு. ஆறு நாளு ஒரு வீட்டுலயும் சீரியல் வரலை. ஏழாம் நாள் அத்தனை பொம்பளைங்களும் கரண்டியோட அரண்மனை வாசல்ல போய் நின்னாங்க. 'மருமக உண்மையைச் சொன்னாளா இல்லையான்னு எங்களுக்குத் தெரியணும், சண்டையை நிறுத்து'ன்னாங்க. அன்னிக்கே சமாதானம்."

கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. வசந்தாமணி கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். நாகரத்தினம் மட்டும் கடிகாரத்தைப் பார்த்தாள். ஒன்பது ஐம்பத்தெட்டு.

மருமகள் உண்மையைச் சொன்னாளா இல்லையா. அந்த வார்த்தை அவளைக் குத்தியது. இன்னும் பதினேழு நிமிஷம். இந்த ஆள் புளுகை நிறுத்த மாட்டான், இந்தக் குதிரை நகராது, உள்ளே தன் பெண் கழுத்தைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறாள். தான் சொன்ன ஒரு பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவள் கல்யாணத்தையே நடுரோட்டில் நிறுத்தி வைத்திருக்கிறோம் என்று நினைத்ததும், நாகரத்தினம் பட்டுப் புடவையை இழுத்து இடுப்பில் செருகினாள்.

"அந்தச் சாட்டையைக் குடு."

"அக்கா, கர்னலை அடிக்கக் கூடாதுங்க. அடிச்சா..."

"அடிக்கப் போறதில்லை. குடு."

சாட்டையை வாங்கிக்கொண்டு, மரத்தடியில் பூக்காரர் நிறுத்தியிருந்த சைக்கிளை எடுத்தாள். பூக்கூடையோடேயே தள்ளிக்கொண்டு குதிரைக்குப் பின்னால் வந்தாள். நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி இரண்டு சொடுக்குப் போட்டாள். "க்ளாக். க்ளாக்." சாட்டைக் கம்பைத் திருப்பிப் பிடித்து, சைக்கிளின் முன்சக்கரக் கம்பிகளில் தொட்டும் தொடாமலும் வைத்துக்கொண்டு தள்ளினாள். அழுத்தினால் சிக்கிக்கொள்ளும். அப்பா ஜட்காச் சக்கரத்தில் வைப்பது போலவே வைத்தாள்.

"டகடகடகடகடக!"

குதிரையின் இரண்டு காதும் விறைத்து நின்றன. கண் திறந்தது. அடுத்த நொடி கிளம்பியது பாருங்கள்! ஜீவானந்தம் "அம்மா!" என்று அலறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டான். அவன் கூப்பிட்டது எந்த அம்மாவை என்று யாரும் நின்று கேட்கவில்லை. ஜல்ஜல்லென்று ஜதி தவறாமல் குதிரை ஓட, பின்னால் நாகரத்தினம் சைக்கிளும் சாட்டையுமாக ஓட, அவளுக்குப் பின்னால் வசந்தாமணி, சுபேதார், பேண்டு செட், பூக்கூடைக்காக ஓடி வந்த பூக்காரர் என்று தெருவே ஓடியது. வையாபுரி தொட்டியிலிருந்து குதித்து, மெடல்கள் குலுங்கக் கடைசியில் ஓடி வந்தார்.

மண்டப வாசல் வந்ததும் நாகரத்தினம் கம்பைச் சக்கரத்திலிருந்து எடுத்தாள். சத்தம் நின்றது. குதிரையும் நின்றது. இடது ஓரமாக, வாழைமரத்தை ஒட்டி, ஆள் இறங்க வசதியாக நின்றது. மணி பத்து நான்கு.

மாப்பிள்ளை இறங்கினான். வழக்கப்படி காலை மண்டப வாசலில்தான் வைத்தான். ஆரத்தி எடுத்தார்கள். தண்டபாணி கையைப் பிடித்து அவனை உள்ளே கூட்டிக்கொண்டு ஓடினார்.

வாசலில் மூச்சு வாங்கிக்கொண்டு நின்ற வசந்தாமணி நாகரத்தினத்தை மேலும் கீழும் பார்த்தாள். "சம்பந்தி, இந்த வித்தையெல்லாம் எங்கே படிச்சீங்க?"

சுபேதாரும் பார்த்தார்.

"எங்கப்பா ரயில்வேயில இல்லீங்க" என்றாள் நாகரத்தினம். "நான் பொய் சொல்லிட்டேன். குப்பாண்டின்னு பேரு. ஸ்டேஷனுக்கும் அடிவாரத்துக்கும் ஜட்கா ஓட்டினாரு. நாப்பது வருஷம். இதும் ஜட்காக் குதிரைதான். நின்ன இடம் எங்கப்பா ஸ்டாண்டு."

வசந்தாமணி குதிரையைப் பார்த்தாள். தன் பட்டுப் புடவையில் ஒட்டியிருந்த புழுதியைப் பார்த்தாள். பிறகு, "ஏனுங்க, இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?" என்றாள். "எம் பையனை ஒரு மணி நேரம் வெயில்ல காய விட்டீங்களே! ஜட்காவுலயே வந்திருந்தா நானும் கூட ஏறி உக்காந்து வந்திருப்பேன். இந்த முட்டிக்கு இந்த ஓட்டம் ஆகுமா?" என்று சொல்லி அவள் தோளைப் பிடித்துக்கொண்டு படியேறினாள்.

நாகரத்தினத்துக்குக் கண் நிறைந்துவிட்டது. அதற்குள் வையாபுரி வந்து சேர்ந்தார். நடந்ததை எட்ட இருந்தே கேட்டிருக்கிறார். அசடு வழிகிற ஆளா அவர்?

"குப்பாண்டி அய்யா மகளா நீங்க! மொதல்லயே சொல்றதில்லீங்களா அக்கா? அவரைத் தெரியாத குதிரைப்படையே கிடையாதுங்களே! சண்டை நடந்தப்ப ரயில்ல வந்த டாங்கை இறக்க லாரி கிடைக்கலை. அய்யாதான் சொன்னாரு, 'நம்ம ஜட்கா இருக்குது, ஏத்துங்க'ன்னு. முழுசா ஒரு டாங்குங்க! ஸ்டேஷன்ல இருந்து அடிவாரம் வரைக்கும் ஒத்தைக் குதிரையில கொண்டுவந்தாரு. ஏனுங்க அக்கா, உண்டா இல்லையா?"

எல்லாரும் நாகரத்தினத்தைப் பார்த்தார்கள். உள்ளே கெட்டிமேளத்துக்கு நாதஸ்வரக்காரர்கள் தயாராகிக்கொண்டிருந்தார்கள். மணி பத்து ஆறு. விடிந்ததிலிருந்து முதல் தடவையாக அவளுக்குக் கவலைப்பட எதுவும் மீதி இல்லை.

"ஒரு டாங்கு இல்லப்பா, ரெண்டு" என்றாள். "பின்னாடி ஒண்ணை ஏத்தினதும் பின்பாரம் ஆகிப்போச்சு. குதிரை அந்தரத்துல தொங்குது. அதனால எங்கப்பா இன்னொரு டாங்கை முன்னாடி, தன் பக்கத்துல உக்கார வச்சுக்கிட்டாரு. அடிவார ஏத்தம் வந்தப்ப மட்டும், 'குதிரைக்குக் கஷ்டம், கொஞ்சம் இறங்கி நடந்து வாங்க'ன்னு ரெண்டுகிட்டயும் சொன்னாரு. நல்ல டாங்குங்க. பேசாம இறங்கி நடந்து வந்துச்சுங்க."

சொல்லிவிட்டுச் சாட்டையை வையாபுரி கையில் கொடுத்துவிட்டு, புடவைச் செருகலை எடுத்துவிட்டு, சம்பந்தியோடு உள்ளே போனாள்.

வையாபுரி அன்று காலையிலிருந்து முதல் தடவையாக, ஒரு உதவிக்கு ஏங்குவதுபோல சுபேதாரைப் பார்த்தார்.

"சார், நீங்களும் பட்டாளத்துல இருந்தவரு. நீங்களே சொல்லுங்க" என்றார். "இது நம்பற மாதிரியா இருக்குது?"